முந்தின வீட்டுச் செவலை

நான் படித்தது மூணாம் கிளாஸ். ஆனால் ஒத்தை லேத்தோடு ஓசூருக்கு வந்து, இன்றைக்குப் பதினாலு மெஷின் ஓடுகிற பட்டறைக்கு முதலாளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவேன். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்பு என்னுடையதுதான்.

போன வருஷம் வந்த வழக்கு என் பேத்தியுடையது. நாலு வயது. சோறு ஊட்டும்போது அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "முந்தின வீட்ல எனக்குச் செவலை மாடு இருக்கு. அங்க வேற அம்மா இருக்காங்க."

என் மருமகளுக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். முன்ஜென்ம ஞாபகம் உள்ள பிள்ளை நிலைக்காது என்று அவள் ஊரில் சொல்வார்களாம். குழந்தை இடுப்பில் மந்திரித்த கயிறு கட்டினாள். ஷிப்ட் முடிந்து வந்தால் குழந்தையை மடியை விட்டு இறக்குவதில்லை.

நான் விசாரணையை எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பிடித்தவன் நான், மாட்டு விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. அடையாளம் கேட்டேன். நெற்றியில் வெள்ளை, இடது கொம்பு ஒடிசல், கூடவே கன்று என்றாள். நாலு நாள் விட்டுக் கேட்டேன். மறுபடியும் அதே. மூன்றாம் தரம் வலது கொம்புதானே என்று மடக்கினேன். "இல்ல தாத்தா, சோத்துக்கை இல்ல, இந்தப் பக்கம்" என்று தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். மூன்று தரம் அளந்தும் அளவு மாறவில்லை. அசல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு மருமகள் சாப்பிடாமல் அழுதுகொண்டே இருந்தாள். அந்த அழுகைக்குக் காரணம் நான்தான்.

பரிகாரம் கேட்க, குழந்தையோடு நானும் மருமகளும் கிருஷ்ணகிரியில் ஒரு ஜோசியரைப் பார்க்கப் புறப்பட்டோம். ஏறியது பெங்களூரிலிருந்து வந்த கர்நாடக பஸ். முன் சீட்டில் ஒரு சேலத்துக்காரர், சூளகிரி எப்போது வரும் என்று கேட்டார். கண்டக்டர் கன்னடத்தில் "முந்தின ஸ்டாப்" என்றார். மனுஷன் எழுந்து நின்று, தாண்டிப்போன பிறகா சொல்வாய் என்று சண்டைக்குப் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. கன்னடத்தில் முந்தின என்றால் இனி வரப்போவது, அடுத்தது.

நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது ஒரு கன்னடத்து அம்மா. இவள் பேச்சில் பாதி அங்கே கற்றது. அதோடு, மாடு 'இருக்கு' என்றுதானே சொன்னாள்? இருந்தது என்று ஒரு தரமும் சொல்லவில்லையே. அளக்கிற கருவியில் ஜீரோவே தள்ளி நின்றால், எத்தனை தரம் அளந்தாலும் அதே தப்புதான் வரும். எந்தப் பையனாவது பட்டறையில் இப்படிச் செய்திருந்தால் கிழித்திருப்பேன்.

சூளகிரியில் இறங்கித் திரும்பினோம். கன்னடத்து அம்மா வீட்டுக்கு அடுத்த வீடு. வாசலில் செவலை. நெற்றியில் வெள்ளை, இடது கொம்பு ஒடிசல், பக்கத்தில் கன்று. பால் கறக்கிற அம்மா பேத்தியைப் பார்த்ததும், "பந்த்யா மகளே?" என்றாள். வந்தாயா மகளே என்று அர்த்தம்.

மருமகள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

"மூணு பாஷையிலயும் சண்டை போடுவீங்களே மாமா" என்றாள்.

கொம்பு விஷயத்தில் நான் சொன்னது சரிதானே என்றேன். அவள் குழந்தையின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். அது எனக்கு வேண்டும் என்று பேத்தி பிடுங்கிக்கொண்டாள். கன்றின் கழுத்தில் கட்டப் போனாள், கை எட்டவில்லை, நான்தான் முடிச்சுப் போட்டேன். பட்டறை முடிச்சு, இன்னும் அவிழவில்லை.