லாரி டியூபில் செய்த பூட்ஸ்

என் பாதங்களில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது எனக்கே சேற்றுப்புண் வந்த பிறகுதான் தெரிந்தது.

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டியது எங்கள் ஊர். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கும் வேலை எனக்கு. ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தாக வேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் எங்கள் ஊருக்கு வருவது எட்டரைக்கு. அதனால் சைக்கிள்தான்.

அந்த ஐப்பசி மழையில் விரலிடுக்கெல்லாம் வெந்து, சுண்டுவிரலுக்கு அடியில் தோல் உரிந்து சதை தெரிந்தது. வலியே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே அழுத்தினாள்.

"கண்ண மூடிக்கங்கக்கா. தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவள் இழையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சுகர் உணர்ச்சியத் தின்னுருச்சுக்கா. இனிமே காலு ஈரத்துல ஊறக் கூடாது. ஊறுனா புண்ணாகும். புண்ணானாலும் உங்களுக்குத் தெரியாது."

"மழையில சைக்கிள் ஓட்டுறவ காலு நனையாம எப்படிம்மா போறது?"

"ஏதாவது பண்ணுங்கக்கா," என்றாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டு நின்றது.

ஏதாவது பண்ணிப் பார்த்தேன். கேரி பேக்கை இரண்டு காலிலும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். பெடல் தேய்த்து, ஊர் எல்லையைத் தாண்டும் முன்னே கிழிந்தது. உரச் சாக்கின் உள்உறையை வெட்டிக் கட்டினேன். மேலிருந்து சேலை வழியாக வழிந்த தண்ணீர் அதற்குள்ளே நின்றது. கடையில் வாங்கிய கம்பூட்ஸ் ஆம்பளை அளவு. கால் ஒரு பக்கமும் பெடல் ஒரு பக்கமும் போயின. போய்ச் சேர்ந்ததும் துடைத்துக்கொள்ளத் துண்டும் மாற்றுச் செருப்பும் எடுத்துப்போவேன். ஆனால் சமையல்கட்டில் அரிசி கழுவி, பாத்திரம் கழுவி, தரை காய்வதே கிடையாது.

என் வீட்டுக்காரர் வள்ளத்தில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறவர். நான் சைக்கிளை எடுக்கும்போது அவர் கடலில் இருப்பார். கடலுக்குப் போக முடியாத அளவுக்குக் காற்று அடிக்கும் நாளில் பள்ளிக்கூடமும் லீவாகிவிடும். எனவே நான் நனைவதை அவர் பார்த்ததில்லை. நனைந்து வந்த காலை மட்டும் பார்ப்பார். ஒருநாள் பஞ்சர் கடையிலிருந்து ஒரு பழைய லாரி டியூபோடு வந்தார்.

"காத்தையே உள்ள வச்சிருக்கு. தண்ணியையா உள்ள விடப்போகுது?" என்றார்.

டியூபை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஒரு முனையை மடித்து சொலூசன் போட்டு ஒட்டி, அடியில் பழைய செருப்பின் அடிப்பாகத்தை வைத்து ஒட்டினார். மேலே இறுக்கிக் கட்ட நாடா. இரண்டு நாள் வேலை. வலைக்குப் போட வேண்டிய முடிச்சைக்கூட விட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் கொட்டும் மழையில் போய் இறங்கிக் கழற்றினேன். கால் காய்ந்திருந்தது. கூடச் சமைக்கிறவள் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். "என்ன மதினி, யானைக்காலு மாதிரி!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று கிச்சடி அடிப்பிடித்தது. அதற்காகக்கூட எனக்கு வருத்தம் வரவில்லை.

மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. ரப்பருக்குள் கால் வேர்த்தது. வேர்வையும் ஈரந்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. மழைதான் எதிரி என்றே நினைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் கண்மாய் நிறைந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போனது. இரவுக் காற்றில் முறிந்த சீமைக்கருவேல மிலாறுகள் முள்ளும் கிளையுமாக அதற்குள் கிடந்தன. இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தேன். பள்ளிக்கூடத்திலும் தரை ஈரம் என்று பூட்ஸைக் கழற்றாமலே வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பொங்கல் போட்டு முடிக்கும்போது கூடச் சமைக்கிறவள் கேட்டாள்.

"மதினி, நீங்க நடந்த எடமெல்லாம் ஏன் செவப்பா இருக்கு?"

நாடாவை அவிழ்த்து இழுத்தோம். பாதம் ஊறி வெளுத்து, வெந்த பனங்கிழங்கு போல இருந்தது. பெருவிரலுக்கு அடியில் ஒரு முள், செருப்பையும் துளைத்து உள்ளே ஏறி ஒடிந்திருந்தது. நான்கு மணி நேரம் அதன் மேல்தான் நின்றிருக்கிறேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு வலிக்கவில்லை என்பதால் நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

முள் குத்திய இடம் சீழ் பிடித்து அழுகியதால், ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து அடுத்த விரலையும். என் வீட்டுக்காரர் கட்டிலோரம் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான ஒட்டிக் குடுத்தேன்," என்றார்.

"முள்ளு இல்லாட்டி வேற ஒண்ணு குத்தியிருக்கும். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க."

அதற்குப் பிறகு என் காலை அவர் பார்ப்பதில்லை. கட்டுப் பிரிக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார்.

மாசியில் மறுபடி வேலைக்குப் போனேன். பெருவிரல் இல்லாத கால் பெடலில் நிற்காது. வழுக்கி வழுக்கி இறங்கும். கோடை முழுவதும் அப்படியே ஓட்டினேன். அடுத்த மழைக்கு மற்றக் காலில் குதிகால் வெடித்துப் புண்ணாகிவிட்டது. நர்ஸ் இப்போது காலை நனைக்காதீர்கள் என்று சொல்வதில்லை. கட்டுப் போட்டு அனுப்புகிறாள்.

இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என் இடத்துக்குப் போகிறாள். மழை தொடங்கிய வாரம் வீட்டுக்கு வந்தாள்.

"இம்புட்டு தூரம் மழையில எப்படிக்கா போனீங்க? காலுக்கு என்ன போடுவீங்க?"

ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். அவளுக்குச் சொல்ல உருப்படியாக ஒன்றுமில்லை.

"உனக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. பாத்ததில்ல," என்றாள்.