ஹெலியிலிருந்து தெரிவது

போன மாதம் எங்கள் பாடசாலை மைதானத்தில் ஒரு ஹெலிகொப்டரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். படையினரின் பறப்புப் பிரிவைப் பற்றிக் கண்காட்சியாம். நன்றியுரை என் தலையில் விழுந்தது.

"நீங்கள்தான் ரீச்சர் வடிவாக் கதைப்பியள்" என்றார் அதிபர். ஒருவருக்கும் பிடிக்காத வேலை வந்தால் மட்டும் என் தமிழ் எல்லோருக்கும் வடிவாகிவிடும்.

மைதானத்தின் ஓரமாக அவர்களின் வரலாறு பலகை பலகையாக நின்றது. முதலில் வாங்கிய சின்ன விமானங்கள், நோயாளிகளை ஏற்றிப் போனது, வெள்ளத்தில் சோற்றுப் பொதி போட்டது எல்லாம் படத்தோடு இருந்தன. அதற்குப் பிறகு வந்த நீண்ட போர்க்காலத்துக்கு ஒரேயொரு வரி: 'தாய்நாட்டுக்கான அர்ப்பணிப்பு.' அடுத்த பலகையில் மறுபடியும் வெள்ளம், மறுபடியும் சோற்றுப் பொதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு வரிக்குள்தான் என் அண்ணன் செத்தான்.

புத்தூரில் எங்கள் வெங்காயத் தோட்டத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றான். அந்த நாட்களில் தோட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஹெலி தாழப் பறந்து வந்தால் ஓடமாட்டார்கள். ஓடினால் சுடுவான். மண்வெட்டியை நன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். நான் தோட்டக்காரன் என்று மேலே இருப்பவனுக்குச் சொல்கிற விதம் அது. அண்ணனும் ஓடவில்லை. ஹெலி ஒருமுறை சுற்றிப் போனது. திரும்பி வந்து சுட்டது.

அம்மா அதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார். "அவ்வளவு உயரத்திலையிருந்து மண்வெட்டி துவக்கு மாதிரித்தான் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டு ஒருத்தன் சுடுவானே?" இதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் சாப்பிட்டார், உறங்கினார். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. கண்காட்சி என்றதும், "உவங்களிட்டை ஒருக்காக் கேட்டுக்கொண்டு வா, மேலையிருந்து மண்வெட்டி தெரியுமோ எண்டு" என்றார்.

கேட்பதில்லை என்ற முடிவோடுதான் போனேன். கேட்டது என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி.

"சேர், மேலையிருந்து பாத்தா என்னவெல்லாம் தெரியும்?"

பதில் சொல்ல வந்த, ஹெலி ஓட்டுகிற அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். அண்ணன் சாகும்போது தொட்டிலில் கிடந்திருப்பார். அவர்மேல் கோபப்படுவதில் நியாயமில்லை. ஆனாலும் கோபம் வந்தது. படித்தெடுத்த தமிழில், சந்தோஷமாக, அவர் சொன்னார்:

"எல்லாம் தெரியும் மகள். தாழப் பறக்கும்போது தோட்டத்தில் யார் என்ன வேலை செய்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார், எல்லாம் தெளிவாகத் தெரியும். நாங்கள் கை காட்டுவோம். அவர்களும் கை காட்டுவார்கள்."

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நன்றியுரைக்குக் கூப்பிட்டார்கள். வெயிலில் பொறுமையாக நின்ற பிள்ளைகளுக்கு நன்றி சொன்னேன். பந்தல் போட்டவர்களுக்குச் சொன்னேன். தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்த தாய்மாருக்குச் சொன்னேன். வந்து உட்கார்ந்துவிட்டேன். அதிபரின் முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும்.

சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தேன். கண்டுதான் சுட்டவன் அம்மா, மண்வெட்டி எண்டு தெரிஞ்சுதான் சுட்டவன். இன்றைக்கு இதைச் சொல்லித்தான் தீருவேன் என்றிருந்தேன்.

அம்மா வாசல் படலையிலேயே நின்றார்.

"கேட்டனியோ?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓமம்மா. ஒண்டும் தெரியாதாம். எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் தெரியுமாம்."

"நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார் அம்மா. முகம் தெளிந்துவிட்டது. தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.

சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். என்னை நானே அறைய வேண்டும்போல இருந்தது. அண்ணனைச் சுட்டவனுக்காக, அண்ணனைப் பெற்றவளிடமே, நான் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தேன்.