விட்டமின் போத்தல் கேட்டவர்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் பார்மசியில், மனச்சோர்வுக்குக் குளிசை வாங்குகிறவர்கள் மருந்தின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. டொக்டர் எழுதிய துண்டை நீட்டிவிட்டு, தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார்கள்.

எதிர் மாடிக் கட்டடத்தின் காவலாளி மட்டும் வேறு மாதிரி. ஹட்டன் பக்கத்து இளைஞர். மெலிந்து நெடுத்த உடம்பு, மடிப்புக் கலையாத காற்சட்டை. பெயரைச் சத்தமாகச் சொல்லி வாங்கி, கவுண்டரிலேயே ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

ஒருநாள் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, இத ஒரு விட்டமின் போத்தல்ல போட்டுத் தருவீங்களா? அடுத்த கிழமை ஆமில சேர்றதுக்கு மெடிக்கல். சின்னதுல இருந்து ஆசை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆமியெண்டா எங்கட சனம் ஓடும். நீ ஓடிப்போய்ச் சேரப் போறாய். கையில துவக்குக் குடுத்துச் சுடச் சொல்லுற இடத்துக்குப் பொய் சொல்லிக்கொண்டே போறது? உள்ளதைச் சொல்லு."

"சொன்னா எடுக்க மாட்டாங்கண்ணே."

"எடுக்காட்டி விடட்டும்."

போத்தல் இல்லாமலே போனார். மெடிக்கல் முடிந்த பிறகு, அதே காவலாளி உடுப்பில் வந்தார்.

"சொல்லிட்டேண்ணே. ஆமி டொக்டர் நல்ல மனுசன். மருந்தையெல்லாம் விட்டுட்டு, குணமானதும் வரச் சொன்னாரு." குளிசையை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இதப் போடுறதாலதானேண்ணே நான் குணமா இருக்கேன்?"

உள்ளதைச் சொல்லச் சொன்னவன் நான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.