தேவசகாயத்துக்கு என்ன அவசரம்?

எங்கள் எதிர்வீட்டு தேவசகாயம் அண்ணன் வாழ்க்கையில் எதற்கும் அவசரப்பட்டதில்லை. இதை நான் பாராட்டாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரோடு ஒரே லிஃப்டில் இறங்கியவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். லிஃப்ட் கீழே வந்து நிற்கும். கதவு திறக்கும். அவர் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒருமுறை சரிபார்ப்பார், செருப்பைக் குனிந்து பார்ப்பார். அதற்குள் கதவு மூடிக்கொள்ள, நாங்கள் இருவரும் மறுபடி நாலாம் மாடிக்கே போன நாட்கள் உண்டு.

பாளையங்கோட்டைக்காரர். ஹைதராபாத்துக்கு இளவயதில் வந்து, பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். தொழிற்சாலைப் பேருந்துக்காக அவர் ஒருநாளும் ஓடியதில்லை. டிரைவர்தான் திட்டிக்கொண்டே காத்திருப்பாராம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் பாதிரியார் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானமே கொடுத்து முடித்துவிட்டார் என்பது அவருடைய மனைவி ஆக்னஸ் அக்கா அடிக்கடி சொல்லும் கதை.

ஆக்னஸ் அக்கா நேர் எதிர். வாய் திறந்தால் மின்வெட்டு வந்தாலும் நிற்காது. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர், ஏனென்றால் வேறு யாரும் அந்தப் பதவிக்கு அவரோடு போட்டி போடத் துணியவில்லை. அவருடைய தெலுங்கும் வேகமானது. காய்கறி வண்டியிலும் சர்ச் வாசலிலும் முப்பது வருஷமாகப் பொறுக்கியெடுத்தது. தப்பு இருந்தாலும் தைரியம் அதை மூடிவிடும். ஊரைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

“இந்த ஊர்க்காரங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி பிள்ள. சிலிண்டர்காரன் போன் பண்ணி, கொண்டு வரட்டான்னு கேக்கான். பாவம், வெயில்ல அலையுதானேன்னு ‘அவசரம் லேது பாபூ’ன்னு அன்பாத்தான் சொன்னேன். அதுக்குக் கோவிச்சிக்கிட்டு இன்னும் ஆளையே காணும். பிளம்பரும் அப்படித்தான். மெதுவா வாப்பான்னு சொன்னா வாரதே இல்ல. அன்புக்கு மதிப்பே கிடையாது.”

எனக்குத் தெலுங்கு அதைவிட மோசம். “ஆமாக்கா, ரோஷக்காரங்க” என்று தலையாட்டினேன்.

அண்ணன் ஓய்வு பெற்றது 2020 பிப்ரவரி கடைசியில். மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தை மாட்டினார், பேட்டரி போடவில்லை. “என்ன அவசரம்?” என்றார். அடுத்த மாதம் ஊரையே பூட்டினார்கள்.

பூட்டிய மறுநாளே எங்கள் குடியிருப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பூட்டத்தான் வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவி ஆக்னஸ் அக்கா, நாலாம் மாடி பால்கனி. திறக்கத்தான் வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவர் ராகவேந்திரா, இரண்டாம் மாடி பால்கனி. ராகவேந்திரா ராய்ச்சூர் பக்கத்துக்காரர், பாலாநகர் மார்க்கெட்டில் ஸ்டீல் பாத்திரக் கடை வைத்திருந்தார். தமிழை ஆக்னஸ் அக்காவிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டவர். நாடே பால்கனியில் நின்று தட்டைத் தட்டிய அன்று, “எல்லாரும் பழைய தட்டையே தட்டுறாங்க, ஒருத்தனும் புதுசு வாங்கல” என்று அவர் புலம்பியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தினமும் சாயங்காலம் ஆரம்பிக்கும். நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். “உங்கள் வீட்டில் யாராவது தேர்தலில் நிற்கிறார்களா?” என்று என் மேனேஜர் மீட்டிங்கில் கேட்கும் அளவுக்குச் சத்தம்.

“மூச்சு இருந்தாத்தானய்யா வியாபாரம்?” என்பார் ஆக்னஸ் அக்கா மேலிருந்து.

“வியாபாரம் இருந்தாத்தான் மூச்சு மேடம்!” என்பார் ராகவேந்திரா கீழிருந்து. “ராத்திரி ஊரடங்காம். ஏன், கொரோனாக்கு நைட் டூட்டியா? ஒயின் ஷாப் திறக்கலாம், என் கடை மட்டும் நக்கோ, வேணாமா? தம்ளர் இல்லாம எப்படிக் குடிப்பான்?”

எரிச்சல் என்னவென்றால் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரசாங்கம் ஒருநாள் அக்கா பக்கம் பேசும், மறுநாள் ராகவேந்திரா பக்கம் பேசும். இரண்டு பேருமே ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். நடுவில் அக்கா வீட்டு குக்கருக்கு ரப்பர் வளையம் போய்விட்டது என்றால், எதிர்க்கட்சித் தலைவர் கயிற்றுக் கூடையில் புது வளையம் வைத்து மேலே அனுப்புவார். கூடை இறங்கும்போது அதில் அதிரசம் இருக்கும்.

இதையெல்லாம் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் தேவசகாயம் அண்ணன் ஒருவர்தான். அந்த நாட்களில் போலீஸ் வண்டி மைக்கில் அறிவித்துக்கொண்டே தெருவில் போகும்: “அவசரம் உண்டேனே பயடகி ராவாலி!” ஆக்னஸ் அக்கா அதை உடனுக்குடன் வீட்டுக்குள் மொழிபெயர்த்தார்.

“கேட்டியளா? அவசரம் இருந்தா மட்டுந்தான் வெளிய வரணுமாம்.”

“எனக்கு என்னைக்கு அவசரம் இருந்திருக்கு?” என்றார் அண்ணன்.

எல்லாரும் சிரித்தோம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது ஊர் திறந்த பிறகுதான் தெரிந்தது. கடைகள் திறந்தன, சர்ச் திறந்தது, மெட்ரோ ஓடியது. ராகவேந்திரா முதல் ஆளாகக் கடைக்குத் தேங்காய் உடைத்தார். தேவசகாயம் அண்ணன் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. கடைக்குப் போய்வரச் சொன்னால், “என்ன அவசரம்?” கோயிலுக்குக் கூப்பிட்டால், “என்ன அவசரம்?” ஊசி போட முறை வந்தபோது அக்கா தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கைவலியோடு அவர் வந்து நிற்க, அண்ணன் சாந்தமாகச் சொன்னாராம், “வெளிய போனா ஆபத்துன்னு நீதான அம்புட்டு நாளு பால்கனில நின்னு பேசுன?”

மொத்தக் குடியிருப்பிலும் ஆக்னஸ் அக்காவின் பேச்சு முழுசாக எடுபட்டது அவரிடம் மட்டும்தான்.

முதலில் இது எங்களுக்கு ஒரு தமாஷாகத்தான் இருந்தது. தொழிற்சாலை நண்பர்கள் தினமும் போன் செய்தார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு அதுவும் இல்லை. மாலையில் தொழிற்சாலைப் பேருந்து தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் அண்ணன் பால்கனியிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார். இரண்டாம் அலையில் எங்கள் வாசலுக்கே ஆம்புலன்ஸ் வந்தது. அந்த வாரங்களில் யாரும் விவாதம் செய்யவில்லை, ராகவேந்திராகூட. அப்போதுதான் ஒருநாள் ஆக்னஸ் அக்கா என் சமையலறையில் வந்து நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“பயந்து போயி உள்ள இருந்தாவன்னா நான் சமாளிச்சிருவேன் பிள்ள. பயம் இல்ல. வெளிய அவியள யாரும் தேட மாட்டாவன்னு முடிவு பண்ணிட்டாவ. இப்படியே விட்டா அந்த சோபாவுலயே முடிஞ்சு போவாவ.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே திட்டமும் போட்டார். நகராட்சி வேன் ஒவ்வொரு தெருவாக வந்து தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தது. வேனை எங்கள் கேட்டுக்கே வரவழைப்பது, அந்தச் சாக்கில் அண்ணனைக் கீழே இறக்குவது. ஒருமுறை கேட்டைப் பார்த்துவிட்டால் அப்புறம் தெரு, தெருவுக்கு அப்புறம் ஊர். ஊரடங்குக்காக எவ்வளவு பேசினாரோ அதைவிட அதிகமாக இதற்குப் பேசினார்.

ராகவேந்திரா வழக்கம்போல எதிர்த்தார். “ரெண்டாவது ஊசிக்கு நாளை மாத்திக்கிட்டே இருக்காங்க மேடம். அவங்களே முடிவு பண்ணல, நாம எதுக்கு கையை நீட்டணும்?”

முந்தின நாள் வேனில் வரும் நர்ஸ் சாஹித்யா போன் செய்து, வீடு வீடாக யாருக்கு ஊசி போட வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். அக்கா எல்லார் வீட்டையும் சொல்லிவிட்டுக் கடைசியில் பெரிய மனதோடு, “மா ஆயனகி அவசரம் லேது” என்றார். மற்றவர்கள் முதலில் போட்டுக்கொள்ளட்டும், எங்கள் வீட்டுக்காரர் நிதானமாக வருவார் என்று பொருள். பக்கத்தில் நின்ற நான்கூட, செயலாளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் வேன் வந்தது. வரிசையில் முதல் ஆள் யார் தெரியுமா? ராகவேந்திரா. நான் முறைத்ததும், “டிபேட் அலக், ஊசி அலக். ரெண்டும் வேற வேற” என்று சட்டைக் கையைச் சுருட்டினார். ஒவ்வொருவராக முடிந்தது. அக்கா மேலே பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். அண்ணன் பால்கனியில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாஹித்யா பெட்டியை மூடப் போனார்.

“ஆகம்மா, நில்லு! இன்னும் ஒருத்தர். மா ஆயன!” என்றார் அக்கா.

“அவருக்கு அவசரம் லேதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று தெலுங்கில் கேட்டார் சாஹித்யா.

“ஹவ், அவசரம் லேது. கானி காவாலி!” அவசரம் இல்லை, ஆனால் வேண்டும் என்கிறார்.

சாஹித்யா குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். நாற்காலியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த ராகவேந்திரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“மேடம், தெலுங்குல அவசரம்னா அர்ஜென்ட் இல்ல. தேவை! அவசரம் லேதுன்னா, தேவையில்ல, கிளம்புன்னு அர்த்தம்.”

ஆக்னஸ் அக்கா ராகவேந்திரா பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார், “அப்போ… அந்த சிலிண்டர்காரன்?”

“நக்கோன்னு நீங்களே துரத்தியிருக்கீங்க.”

“பிளம்பர்?”

“அவனையும்.”

அடுத்து அக்காவுக்கு எது ஞாபகம் வந்தது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மைக் வைத்த போலீஸ் வண்டி. அதை வீட்டுக்குள் மொழிபெயர்த்துச் சொன்னது. ஒன்றரை வருஷம்.

சாஹித்யா பொறுமை இழந்தார். மருந்துச் சீசாவில் இன்னும் ஒருவருக்கு இருக்கிறது, அடுத்த தெருவில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், வருவதானால் உடனே வரச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா கேட் நடுவில் போய் நின்று, நாலாம் மாடியைப் பார்த்துக் கத்தினார். “ஏங்க! அவசரம்னா அவசரம் இல்லையாம்!”

“என்னது?” என்றார் அண்ணன் மேலிருந்து.

“நான் தப்பாச் சொல்லிட்டேன்! தேவையாம்! தேவை இருந்தா வெளிய வரலாம்னுதான் அன்னைக்குச் சொன்னானாம்!”

அண்ணன் யோசித்தார். அவர் யோசிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். எல்லா பால்கனிகளிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

“எனக்கு என்ன தேவை?” என்றார் கடைசியில்.

அக்கா பால்கனிக்குரலே இல்லாத வேறொரு குரலில் சொன்னார்.

“உங்களுக்கு இல்லங்க. எனக்கு. எனக்கு நீங்க தேவை. இறங்கி வாங்களேன்.”

பால்கனி காலியாகிவிட்டது.

நாங்கள் எல்லாரும் லிஃப்டைப் பார்த்தோம். லிஃப்ட் கீழே வந்தது. கதவு திறந்தது. உள்ளே வெளுத்த சட்டையில் அண்ணன், மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தார். கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் மேலே போய்விட்டது. “ஆண்டவரே!” என்று தலையில் கைவைத்தார் அக்கா. இரண்டாம் முறை வந்தபோது ராகவேந்திரா பாய்ந்து போய்க் கதவுக்கு நடுவில் காலை வைத்தார். திறப்புக் கட்சித் தலைவர் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

ஊசி போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் உட்காரச் சொன்னதால் கேட் பக்கத்து வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் அண்ணன். வேன் போனது. அரைமணியும் போனது. ஒன்றரை வருஷமாகப் போடாத செருப்பு விறைத்துப்போய்க் காலைக் கடித்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு, கால்களைத் தரையில் வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் தொழிற்சாலைப் பேருந்து திரும்பிய சத்தம் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

“வாங்க, மேல போவோம். அடுப்புல குழம்பு இருக்கு” என்றார் ஆக்னஸ் அக்கா.

“என்ன அவசரம்?” என்றார் தேவசகாயம் அண்ணன். “நீயும் செத்த உக்காரு.”

அக்கா உட்கார்ந்தார். நாலு மாடி ஏறிப் போய் அடுப்பை அணைத்தது நான்.