கன்னியப்பனுக்குத் தெளிந்தது

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போனார். நல்ல செய்திதானே? ஆனால் வழியனுப்ப நின்ற யார் முகத்திலும் சிரிப்பில்லை. மருந்து கொடுத்த என் முகத்திலும்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — நான் மனநோய் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவன். கம்பவுண்டர். திருவொற்றியூரிலிருந்து தினமும் போய் வருகிறேன். எங்கள் தூக்க மருந்து ஒன்றின் சாராய நாற்றம் சட்டையோடு கூடவே வரும். மதுவிலக்குக் காலம் வேறு... டோல்கேட்டில் ஒரு போலீஸ்காரர் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கி, "ஊதுய்யா" என்றே சொல்லியிருக்கிறார்.

"உங்க ஆஸ்பத்திரியில தமாஷா ஒண்ணுமே நடக்காதா?" என்று கேட்கும் வாசகர்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கன்னியப்பன், பேசின் பிரிட்ஜில் கரி அள்ளும் வேலை பார்த்தவர். வீடு காசிமேட்டில், கடலை ஒட்டி. மனைவி பச்சையம்மாள் மீன் விற்கிறாள். ஒரே மகள் தனம். கொஞ்ச காலமாகவே தன் காதுக்கு மட்டும் கேட்கும் குரல்களோடு பேசிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் அந்தச் சின்னப் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேரே கடலுக்குள் நடந்தார். குரல் கூப்பிட்டதாம்.

கட்டுமரக்காரர்கள் அவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். குழந்தை கிடைக்கவில்லை.

கேஸ் நடந்தது. புத்தி சுவாதீனத்தில் இல்லை என்று கோர்ட்டு அவரை எங்களிடம் அனுப்பியது.

எங்களிடம் வந்த கன்னியப்பனைப் பொறுத்தவரை தனம் சாகவில்லை. பக்கத்திலேயே நிற்பாள். வார்டர் அவரை என் ஜன்னலுக்கு அழைத்து வரும்போது, இடது கை யாரையோ பிடித்திருப்பது போலத் தொங்கும். தன் மிக்சர் மருந்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் தித்திப்பு குடு நைனா. பாத்துக்கினே கீது."

கசப்பு தெரியாமலிருக்க மருந்தில் சேர்க்கும் ஆரஞ்சு சிரப்பைக் கொஞ்சம் ஊற்றித் தருவேன். குனிந்து, காற்றுக்குப் புகட்டுவார். பிறகு துண்டு முனையால் அந்தக் காற்றின் வாயைத் துடைத்துவிடுவார். வருஷக்கணக்கில் இப்படித்தான். இந்த ஆஸ்பத்திரியில் சந்தோஷமாக இருப்பது இவர் ஒருத்தர்தான் என்று வார்டர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

பச்சையம்மாள் மாசத்துக்கு ஒரு தடவை பார்க்க வருவாள். அவளிடமும் மகள் பேச்சுத்தான். "எளச்சிப் பூட்ச்சி பாரு. நீ சோறே ஊட்றதில்ல போலகீது." அவள் தலையை ஆட்டுவாள். திரும்பும்போது வராந்தாக் குழாயில் ரொம்ப நேரம் முகம் கழுவுவாள்.

அப்புறம்தான் அந்தப் புது மாத்திரை வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. அதுவரை எங்களிடம் இருந்ததெல்லாம் தூங்க வைக்கிற மருந்துதான். இது குரல்களையே நிறுத்துகிறது என்றார் டாக்டர். கன்னியப்பனுக்கும் எழுதினார்.

நிஜமாகவே நின்றது. சில வாரம் கழித்து என் ஜன்னலுக்கு வந்தவர், இரண்டு கையையும் ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு நின்றார். தித்திப்பு கேட்கவில்லை.

"நைனா... என் பொண்ணு கடலோட பூட்ச்சா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நான் வார்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமாம், கன்னியப்பா."

"நான்தான் இட்டுக்கினு போனனா?"

"ஆமாம். அப்போ உனக்கு உடம்பு சரியில்லை."

இரண்டாவது வாக்கியம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

டாக்டருக்குத் திருப்தி. தன்னைத் தானே உணர்ந்துவிட்டான், இனி பயமில்லை என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வைத்தியம் பலித்தால் எந்த டாக்டருக்குத்தான் சந்தோஷமில்லை?

ஆனால் கன்னியப்பன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துத் துப்புவதை வார்டர் கண்டுபிடித்தார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"இத்தத் துன்னாத்தான் தெரியுது நைனா. துன்னலன்னா பாப்பா வந்துரும். வந்து கையப் புட்ச்சிக்கும். என்ன வுட்ரு."

மருந்தின் நல்லது கெட்டது எல்லாம் படித்துப் பாஸ் செய்தவன் நான். இது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

டாக்டர் பச்சையம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். இருவரையும் என் ஜன்னலுக்கு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கன்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் அன்றைய மாத்திரை.

"எனுக்கு இது வாணாம் பச்ச. பாப்பா வரமாட்டேங்குது."

"உன்கிட்டயாச்சும் வந்துகினு இருந்துச்சி," என்றாள் அவள். "என்கிட்ட ஒரு நாளும் வரல."

அவர் மாத்திரையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "என் மேல கோவம் கீதா?"

"கீது. அது போவாது. அதுக்காவ உன்ன இங்கியே போட்டுட்டு இருக்கச் சொல்றியா? இத்தினி வருசமா நான் ஒண்டியா அழுதுகினு கீறேன். வூட்டுக்கு வா. நீயும் அழு."

நான் சீசாவில் லேபிள் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன்.

கன்னியப்பன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி அவளிடம் காட்டினார். அவள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

அப்புறம் ஒரு நாளும் அவர் துப்பவில்லை. அவரை விடச் சொல்லி சர்க்கார் உத்தரவு வரத்தான் தாமதமானது. போன வாரம் வந்தது. வீட்டுக்கான மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். எப்போது எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதை, பச்சையம்மாள் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னாள்.

கேட் வரைக்கும் நானும் போனேன். அங்கே கன்னியப்பன் நின்றுவிட்டார்.

"கடலு கண்ணுல படாத எடமா ஒரு வூடு பாத்துக்கலாமா பச்ச? வியாசர்பாடி பக்கம்?"

"மீனு யாரு வாங்கியாறது?" என்றாள் அவள். "நான் தெனம் அந்தத் தண்ணியாண்டதான் நிக்கிறேன். நீயும் வந்து நில்லு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவள் பின்னால் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். நான் திரும்பி வந்தபோது அடுத்த நோயாளி காலி சீசாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

குணமாவது வேறு, சுகமாவது வேறு... என் ஜன்னலில் முதலாவது மட்டும்தான் கிடைக்கும்.