நாடகத்தில் வந்த கிளார்க்

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா அழைத்ததால் இன்று சர்ச் நாடகத்துக்குப் போனேன்.

நீதிபதியிடம் விடாமல் நியாயம் கேட்கும் விதவையின் உவமை. இந்தக் காலத்துக்கு மாற்றியிருந்தார்கள். நீதிபதிக்குப் பதில் அரசு அலுவலக கிளார்க்.

நானும் அரசு அலுவலக கிளார்க்தான்.

பட்டா பெயர் மாற்ற அந்த அம்மாள் ஐந்து முறை வந்தார். ஒவ்வொரு முறையும் கிளார்க், "எல்லாரும் கிரிவலத்துக்கு பௌர்ணமி டியூட்டி பாக்கப் போய்ட்டாங்கம்மா, ஆள் இல்ல. திங்கக்கிழம வாங்க" என்றார். கடைசியில் தொல்லை தாங்காமல் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த வசனம் எங்கேயோ கேட்டது போலிருந்தது.

பிறகு டீ கொடுத்தார்கள். விதவையாக நடித்தவரிடம், "நல்லா நடிச்சீங்கம்மா" என்றேன்.

"நடிப்பு எங்கங்க? வீட்டுக்காரர் போனப்புறம் பட்டா மாத்த மூணு வாட்டி உங்க டேபிளுக்குத்தான் வந்தேன். நீங்க நிமிந்தே பாக்கல."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை நீட்டினார்.

மனு எண்ணைக் கேட்டு போனில் குறித்துக்கொண்டேன். நாளை அதுதான் முதல் வேலை.

பைபிள் படித்த நண்பர்களே, அந்த நீதிபதி பிற்பாடு என்ன ஆனார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?