வாட்ச் ஓகே லா

கைக்கடிகாரம் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்ட முட்டாள் நான். கெட்டுப்போயிருந்தது கடிகாரம் இல்லை.

தூக்கத்தை அளக்கும் அந்தச் சாமானை மகள் வாங்கித் தந்திருந்தாள். இரவில் உன் ஆக்சிஜன் இறங்குகிறது, மருத்துவரைப் பார் என்று காலைதோறும் அதன் திரையில் அதே பல்லவி. குறட்டையால் பக்கத்து வீட்டையே எழுப்புகிறவனுக்கு மூச்சுப் பஞ்சமா?

கிள்ளான் கடையில் இருந்த பெண் அதைத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். “அங்கிள், வாட்ச் ஓகே லா. டாக்டரப் பாருங்க.”

“மூச்சு விடாமத்தான் இவ்ளோ நேரம் பேசுறேனா?”

“இப்ப விடுறீங்க. தூங்குறப்பதான் பிரச்சினைன்னு சொல்லுது.”

கூட வந்த மனைவி தலையாட்டினாள். அவளுக்குக் காரணம் இருந்தது. ஃபெடரல் ஹைவே நெரிசலில் நான் கண்ணயர்ந்து முன்னால் நின்ற லோரியை முட்டியதிலிருந்து, அவள் என் காரில் ஏறுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்துக்கு ஞாயிறுதோறும் ரயில். “சவப்பொட்டியில போற அவசரம் எனக்கில்ல” என்பாள். அவளை மறுபடி என் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

கிளினிக்கில் விரலுக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, மூக்கடியில் குழாய் என்று கருவிகளைத் தந்து, வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்கள். திருவிழா மின்விளக்கு மாதிரி படுத்தேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். பல் டாக்டர் நாற்காலியில்கூடத் தூங்குவேன் என்று பீற்றிக்கொண்டதெல்லாம் வியாதி.

காற்றைச் செலுத்தும் முகமூடி வந்தது. மாட்டிக்கொண்டு நின்றேன். மனைவி நிதானமாகப் பார்த்தாள். “இப்பத்தான் பாக்க சுமாரா இருக்கீங்க.”

சில வாரங்களில் பிரசங்கத்தை முதல் முறையாகக் கடைசிவரை கேட்டேன். அது இவ்வளவு நீளம் என்று யாரும் சொன்னதில்லை. இயந்திரத்தின் பதிவைப் பார்த்த மருத்துவர், இனி கார் ஓட்டலாம் என்றார்.

அந்த ஞாயிறு அவள் கார்க் கதவருகே கொஞ்சம் நின்றுவிட்டு ஏறினாள். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கோட்டையைப் பிடித்த ராஜா மாதிரி கிளப்பினேன். பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் வெற்றியைப் பற்றி வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தேன். சுபாங் நெரிசலிலும் ஒரு கொட்டாவி இல்லை. அவளிடமிருந்து மறுபேச்சே இல்லை. அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன்.

தேவாலய வாசலில் நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்: “எப்படி ஓட்டுனேன், சொல்லு.”

வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“தெரியல. தூங்கிட்டேன்.”